ஆட்டத்தை விட்ட காரணம்

கிழக்குக் காற்று மூன்று நாளாக ஓயவில்லை. ஏப்ரல் மாதத்தில் சட்டர்டைக் பக்கம் வீசும் காற்றுக்கு ஈவிரக்கம் கிடையாது. பீட்ரூட் இனத்துச் சர்க்கரைக் கிழங்கு விதைத்து ஒரு வாரம்கூட ஆகாத கறுப்பு மண்ணை விதையோடு அள்ளிக்கொண்டு போய் அடுத்தவன் வயலில் கொட்டிவிடும். அள்ளியதில் கொஞ்சம் தெல்மா ஷார்மன் வீட்டு ஜன்னல் விளிம்பிலும் வந்து படியும். காலையிலிருந்து மூன்றாவது முறையாக அதை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். எழுபத்தெட்டு வயதாகிறது. ஒரு முழங்கால் மடங்காது. குனியாமல், இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டுதான் துடைக்க முடியும்.

"விடு தெல்மா. நீ துடைக்கத் துடைக்கத்தான் அதுக்குக் குஷி" என்றாள் கட்டிலில் கிடந்த ஐவி.

ஐவி அவளுடைய தங்கை. ஐந்து வயது இளையவள். புருஷன் செத்த பிறகு அக்காவோடு வந்து இருந்துவிட்டாள். பிப்ரவரியிலிருந்து முன்னறையில் கட்டில் போட்டுப் படுக்கை. இதயம் களைத்துப்போய்விட்டது, காலில் நீர், மூச்சில் நீர். கோடைவரை பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோடையின் எந்த முனை என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் கேட்கமாட்டார்கள். கேட்பது அவர்களுக்கு வராது. தட்டில் கடைசித் துண்டு இருந்தால்கூட, எடுத்துக்கொள் என்று யாராவது இரண்டு முறை சொல்லும்வரை பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருப்பார்கள்.

பதினொரு மணிக்கு மார்ஜரி ஸ்கெல்டன் வந்தாள், இரண்டு கையிலும் பையோடு.

"கதவைச் சாத்துங்க, சாத்துங்க! பாதி வயலு உள்ள வந்துடும்" என்று தெல்மா விரட்டினாள்.

மார்ஜரி ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சர். தெல்மா ஆடிய கடைசி வருஷங்களில் கவுண்டி, அதாவது மாவட்டப் பெண்கள் கிரிக்கெட் அணிக்கு விக்கெட் கீப்பராக வந்து சேர்ந்தவள். இப்போது அந்த அணியின் வரலாற்றை எழுதும் வேலையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஊர் ஊராகப் போய்ப் பழைய ஆட்டக்காரிகளின் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தி நாலுலேர்ந்து இந்த வருஷம் வரைக்கும் இருநூத்திப் பதினெட்டுப் பேரு" என்று கோட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "ஒவ்வொருத்தருக்கும் இப்ப ஒரு தொப்பி கொடுக்கப் போறாங்க. முன்னாடி யாரு ஆடினாங்களோ அந்த வரிசையில நம்பர். நம்ம காலத்துல தொப்பியா கொடுத்தாங்க? பாவாடையைக்கூட நாமதானே தைச்சுக்கிட்டோம்."

"எங்க பாவாடையை அம்மா தைச்சாங்க. ஜன்னல் திரைத் துணி மிச்சத்துல" என்றாள் தெல்மா.

"இந்த வருஷத்தோட கவுண்டி அணியே கிடையாதாம். நாலு கவுண்டியைச் சேர்த்து ஒரே அணி. நம்ம பேரு எதுவும் இருக்காது. அதுக்குள்ள எழுதி முடிச்சிடணும்."

மேஜைமேல் ஒரு பெரிய பேரேட்டை விரித்தாள். கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தது. பெயர், முதல் ஆட்டம், கடைசி ஆட்டம், ரன், விக்கெட். கடைசியில் அகலமாக ஒரு கட்டம், தலைப்பு: ஆட்டத்தை விட்ட காரணம்.

"இது என் யோசனை. ஆம்பளைங்க புத்தகத்துல இந்தக் கட்டம் இருக்காது" என்றாள் மார்ஜரி.

"அப்படி என்னதான் எழுதியிருக்காங்க? படிங்க கேப்போம்" என்றாள் ஐவி, தலையணையிலிருந்து கொஞ்சம் எழும்பி.

மார்ஜரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். "கல்யாணம். கல்யாணம். குண்டு செய்யற தொழிற்சாலையில வேலை. கல்யாணம். முதல் குழந்தை. மாமியாருக்குப் பக்கவாதம். வீட்டுக்காரர் வேண்டாம்னுட்டார். கல்யாணம். பஸ்ஸை நிறுத்திட்டாங்க. இதோ, இவ ஒருத்தி மட்டும், அலுத்துப்போச்சு."

"அவதான் புத்திசாலி" என்றாள் ஐவி. சிரித்ததில் இருமல் வந்தது. தெல்மா போய் முதுகைத் தாங்கிப் பிடித்தாள். இருமல் அடங்க நேரமாயிற்று.

"நீங்க என்ன எழுதினீங்க உங்களுக்கு?" என்று ஐவி கேட்டாள்.

"இரட்டைப் பிள்ளைங்க" என்றாள் மார்ஜரி. "உங்க அக்காவுக்கு முழங்கால். நம்பர் அம்பத்தெட்டு. அறுபத்தி நாலுலேர்ந்து எழுபத்தஞ்சு வரைக்கும். அதிகபட்சம், அவுட்டாகாம எழுபத்தொண்ணு."

மூன்று பேரும் சுவரைப் பார்த்தார்கள். கணப்புக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் பழைய பத்திரிகைத் துண்டு ஒன்று பழுத்துப்போய்த் தொங்கியது. 'டெர்பியை வீழ்த்திய தெல்மா ஷார்மன்.' அந்த எழுபத்தொன்றைக் கவுண்டி முப்பது வருஷம் பேசிக்கொண்டிருந்தது. பட்டாணி டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் தெல்மா வேலை பார்த்த காலம் முழுக்க, அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "எழுபத்தொண்ணு வந்துட்டாளா? எழுபத்தொண்ணு, இந்தத் தட்டைப் பிடி" என்பார்கள். கறிக்கடைக்காரன்கூட அப்படித்தான் கூப்பிட்டான்.

மார்ஜரி இன்னொரு பையிலிருந்து ஸ்கோர் புத்தகத்தை எடுத்தாள். பச்சை அட்டை, முனை மழுங்கியிருந்தது. அம்மாவின் கையெழுத்து. இருபது வருஷம் அந்த அணிக்கு ஸ்கோர் எழுதியவள் அவர்களுடைய அம்மா.

"ஒண்ணு கேக்கணும் தெல்மா. இந்த ஆட்டத்துல உங்க பேருக்கு முன்னாடி உங்கம்மா ஒரு புள்ளி வச்சிருக்காங்க. இங்க பாருங்க. மத்த எந்த ஆட்டத்துலயும் உங்க பேருக்குப் புள்ளி இல்ல. மத்தவங்க சிலபேருக்கு எப்பவும் இருக்கு. யாருக்கு இருக்குன்னு தேடிப் பாத்தேன். எல்லாரும் இடது கைக்காரங்க."

ஐவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"தூரத்துலேர்ந்து யாரு ஆடறாங்கன்னு தெரியறதுக்காக வச்சிருப்பாங்க போல. ஆனா நீங்க வலது கைதானே?"

"வலது கைதான்" என்றாள் தெல்மா. "அது மைத்துளியா இருக்கும். அம்மா பேனா சமயத்துல ஒழுகும்."

மார்ஜரி தலையாட்டினாள். டீச்சர் வேலை பார்த்தவள். பிள்ளைகள் பொய் சொல்லும்போது எப்படித் தலையாட்டுவாளோ அப்படி ஆட்டினாள். பிளம் ரொட்டியில் ஒரு துண்டு தின்றுவிட்டு, போன் நம்பர் எழுதி வைத்துவிட்டுப் போனாள்.

கதவு சாத்திய பிறகு ஐவி கண்ணைத் திறந்தாள்.

"அம்மா பேனா என்னைக்கு ஒழுகியிருக்கு?"

தெல்மா கோப்பைகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு, ஜூலை. முதல் உருளைக்கிழங்கு தோண்டும் வாரம். வியாழக்கிழமை சாயங்காலம், மூட்டை ஏற்றிய வண்டியின் பின்பலகையைத் தூக்கி மாட்டும்போது தெல்மாவின் வலது கை அதில் சிக்கியது. இரண்டு நகம் பிய்ந்து, விரல் மூன்றும் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிவிட்டன. சனிக்கிழமை டெர்பி கவுண்டியோடு ஆட்டம். அணியில் ஏற்கெனவே இரண்டு பேர் இல்லை. ஒருத்திக்கு அம்மை, இன்னொருத்திக்கு அன்றைக்கே கல்யாணம். தெல்மாவும் இல்லையென்றால் எட்டுப் பேர். வெளி ஆளைச் சேர்க்கவும் முடியாது. மே மாதத்துக்குள் சங்கத்துக்கு அனுப்பிய பட்டியலில் பெயர் இருப்பவள்தான் ஆடலாம்.

கேப்டன் மிஸ் பெல்லமி வெள்ளிக்கிழமை சைக்கிளில் வந்தாள். தெல்மாவின் கையைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாகக் கொல்லையில், கோழிக்கூண்டு முன்னால், பண்ணைப் பையன்கள் எறியும் பந்தை இடது கையால் விளாசிக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பெண்ணைப் பார்த்தாள்.

"டெர்பிக்காரிங்களுக்குத் தெல்மா யாருன்னு தெரியுமா என்ன?" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் ஐவி தெல்மாவின் பாவாடையைக் கட்டிக்கொண்டு தெல்மாவாகப் போனாள். வழியெல்லாம் பஸ்ஸில் எல்லோரும் அவளைத் "தெல்மா, தெல்மா" என்று கூப்பிட்டுப் பழக்கினார்கள். அப்படியும் மைதானத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினால் அவள் திரும்பவே மாட்டாள். "உங்க ஆளுக்குக் காது மந்தமா?" என்று டெர்பி கேப்டன் பரிதாபமாகக் கேட்டாளாம்.

தெல்மா கையைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு, ஸ்கோர் எழுதும் அம்மா பக்கத்தில் மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஐவி ஆடியதைப் பார்த்தாள். அதை எப்படிச் சொல்வது? அவள் அடித்த பந்து எல்லைக்குப் போய்ச் சேருவதற்குள் அவள் அடுத்த பந்துக்குத் தயாராக நிற்பாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, பயமும் இல்லை. கிழங்கு தோண்டும்போது எப்படி இருப்பாளோ அப்படி இருந்தாள், வேலைக்கு வந்தவள் மாதிரி. தெல்மா அதுவரை ஆடியதில் அதிகபட்சம் இருபத்து மூன்று. அதற்கே மூன்று மணி நேரம் நாக்குத் தள்ளியது.

ஆட்டம் முடிந்ததும் மைதானம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. "சபாஷ் தெல்மா! சபாஷ் தெல்மா ஷார்மன்!" தன் பெயருக்கு விழுந்த கைதட்டைத் தெல்மா பெஞ்சில் உட்கார்ந்தபடியே கேட்டாள். அம்மா பேனாவை மூடினாள். மையில் எழுதியதை அழிப்பது ஸ்கோர் எழுதுகிறவர்களுக்குப் பாவம். அதனால் தன் கை வழக்கமாக வைத்த புள்ளியைப் பார்த்தும் அழிக்காமல் புத்தகத்தை மூடினாள்.

அதற்குப் பிறகு ஐவி கவுண்டிக்கு ஆடவில்லை. ஆனால் எட்டு வருஷம் எல்லா ஆட்டத்துக்கும் போனாள். மைதானத்து அடுக்களையில் ரொட்டி நறுக்கவும் முட்டை அவிக்கவும். அந்த அடுக்களை ஜன்னல் மைதானத்தைப் பார்த்தபடி இருந்தது.

புள்ளியைப் பற்றி மார்ஜரி கேட்டுவிட்டுப் போய் ஒரு வாரம் ஆயிற்று. போன் நம்பர் எழுதிய காகிதம் டீ டப்பாவுக்கு அடியில் கிடந்தது. தெல்மா தினமும் டப்பாவைத் தூக்குவாள், பார்ப்பாள், வைப்பாள். ஐவி எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்கமாட்டாள். கேட்டிருந்தால் தெல்மாவுக்குச் சண்டை போடவாவது ஒரு வழி கிடைத்திருக்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஐவியின் மகள் லின் காய்கறி அடைக்கும் கொட்டகையில் வேலை முடிந்து நேராக வந்தாள். கக்கத்தில் ஒரு பூக்கோசு, உடம்பெல்லாம் அதன் வாடை. நர்ஸ் வந்து ஐவிக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள். புதுசாக வந்த பெண், வெளியூர்க்காரி. சுவரிலிருந்த சட்டத்தைப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டாள்.

"எங்க பெரியம்மாதான்!" என்றாள் லின். அவளுக்கு எதுவும் தெரியாது. சின்ன வயதிலிருந்து பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்ட விஷயம். "இப்ப பாத்தா தெரியாது. டெர்பிக்காரிங்களைப் பந்தாடினவங்க. அம்மா, நீயும் அன்னைக்குப் போயிருந்தேல்ல?"

தெல்மா வாசற்படியில் டீத் தட்டோடு நின்றாள்.

"போயிருந்தேன்" என்றாள் ஐவி, நர்ஸ் கைக்குள் தன் மெலிந்த இடது கையைக் கொடுத்தபடி. "அடடா, என்ன ஆட்டம்! ஒரு பந்துகூடத் தப்பல. நான் அடுக்களையில முட்டை உரிச்சுக்கிட்டுப் பாத்தேன்."

குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று தெல்மாவுக்குத் தோன்றியது. தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள், டப்பாவைத் தூக்கினாள், மார்ஜரிக்குப் போன் போட்டாள்.

திங்கட்கிழமை மார்ஜரி வந்தபோது காற்று அடங்கி, மழை பிடித்திருந்தது. ஈரக் கோட்டைக் கழற்றக்கூட இல்லை, கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். முகம் சிவந்திருந்தது.

"எனக்குத் தெரியும்! மைத்துளியாம், மைத்துளி! உங்கம்மா இருபது வருஷத்துல ஒரு துளி சிந்தல. ஐவி, உங்களுக்கு நம்பர் அறுபத்தி நாலு, பின்னாடி இருக்கறவங்களை ஒண்ணொண்ணா தள்ளிக்கலாம். தொப்பி தைக்கக் கொடுத்தது இன்னும் வரல, உங்களோடதை முதல்ல தைக்கச் சொல்றேன். அம்பத்தாறு வருஷம்! எப்படி வாயைத் திறக்காம இருந்தீங்க ரெண்டு பேரும்?"

"சொல்லியிருந்தா ஜெயிச்சதைப் பிடுங்கியிருப்பாங்க" என்றாள் ஐவி. தெல்மாவைப் பார்த்தாள். "உன்னை யாரு சொல்லச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானா சொன்னேன்."

"அம்பத்தாறு வருஷம் தேவைப்பட்டிருக்கு உனக்கு."

"ஆமா."

"சரி, சட்டத்தை என்ன பண்ணுவே? பேரை வெட்டி ஒட்டுவியா?"

மார்ஜரி சிரித்தாள். தெல்மா சிரிக்கவில்லை. மார்ஜரி பேரேட்டைத் திறந்து, மடியிலேயே வைத்து, பெரிய பெரிய எழுத்தில் ஐவியின் பெயரை எழுதினாள். முதல் ஆட்டம், ஜூலை பதினாறு. கடைசி ஆட்டம், ஜூலை பதினாறு. ரன் எழுபத்தொன்று. பேனா கடைசிக் கட்டத்தில் வந்து நின்றது.

"இதுக்கு என்ன எழுத? கல்யாணமா? நீங்க எழுபதுலதானே கட்டிக்கிட்டீங்க?"

"காலியா விடுங்க" என்றாள் ஐவி.

"ஏதாவது சொல்லுங்க. இருநூத்திப் பதினெட்டுப் பேருக்கும் எழுதியிருக்கேன்."

"எனக்கே தெரியாததை எப்படிச் சொல்றது? கூப்பிடல. அவ்வளவுதான்."

மார்ஜரிக்குப் புரியவில்லை. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். வாசலில் தெல்மாவைக் கட்டிப்பிடித்து, "பெரிய மனசு உங்களுக்கு" என்றாள். தெல்மாவுக்கு அந்த வார்த்தை நெருப்பை அள்ளி மடியில் கொட்டிய மாதிரி இருந்தது.

உள்ளே வந்து நாற்காலியை நகர்த்தி வைத்தாள். போர்வையைச் சரிசெய்தாள். ஐவி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சந்தோஷமாடீ?" என்று கேட்டாள் தெல்மா.

"எதுக்கு?"

"நம்பர் கொடுத்துட்டாங்கல்ல."

"தெல்மா, எனக்கு அந்த எழுபத்தொண்ணு எப்பவும் வேண்டியிருக்கல. நீயே வச்சிருந்திருக்கலாம். எனக்கு வேண்டியிருந்தது அடுத்த ஆட்டம்." மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி சொன்னாள். "அந்தக் குளிர்காலம் பூராவும் காத்துக்கிட்டிருந்தேன். மார்ச் மாசம் பேரு சேர்ப்பாங்க, அப்ப எனக்கும் சீட்டு அனுப்புவாங்கன்னு. டாஃபோடில் பூ பறிக்கப் போவேன். விரலெல்லாம் தண்டுப் பால் பட்டு வெடிச்சிருக்கும். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம், இன்னைக்கு மிஸ் பெல்லமி சைக்கிள் வாசல்ல நிக்கும், இன்னைக்கு நிக்கும்னு நினைச்சுக்கிட்டே வருவேன்."

தெல்மா போர்வையை மறுபடி சரிசெய்தாள்.

"வரல. ஏப்ரல் முடிஞ்சுது. சரி, அன்னைக்கு நான் ஆடினது ஏதோ குருட்டாம்போக்குல வந்தது போலிருக்கு, அவங்களுக்கெல்லாம் அது தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியலன்னு நினைச்சேன். ரொட்டி நறுக்கப் போனப்பல்லாம் அதையேதான் பாப்பேன். எவளாவது நல்லா அடிச்சா, ஓ, இதுதான் நிஜம், என்னோடது அதிர்ஷ்டம்னு. அம்பத்தாறு வருஷமா அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன்."

இப்போது சொல்லாமல் இருக்கலாம். யாருக்கும் தெரியாது. மிஸ் பெல்லமி செத்து முப்பது வருஷம் ஆகிறது, அம்மா இல்லை. இன்னும் கொஞ்ச நாளில் ஐவியும் இல்லை. வாயை மூடிக்கொண்டு, பெரிய மனசுக்காரியாகவே கடைசிவரை இருந்துவிடலாம். ஆனால் அது அதிர்ஷ்டம்தான் என்று நம்பிக்கொண்டே இவள் சாகப்போகிறாள். அதை நினைத்ததும் தெல்மாவுக்குத் தாங்கவில்லை.

"வந்தாங்கடீ" என்றாள்.

"யாரு?"

"மிஸ் பெல்லமி. மார்ச் மாசம். நீ டாஃபோடில் பறிக்கப் போயிருந்தே. சீட்டைக் கொடுத்து, அடுத்த வெள்ளிக்குள்ள கையெழுத்து வாங்கி வைன்னாங்க. உன்னை யாராவது அடையாளம் கண்டுபிடிச்சா என்னன்னு கேட்டேன். ஆட்டம் வர்றதுக்குள்ள ஒரு வருஷமாயிடும், அக்கா தங்கச்சி ஒரே மாதிரி இருப்பாங்கன்னு நினைச்சுக்குவாங்கன்னாங்க."

ஐவி மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"மூணு நாளு என் மேலங்கிப் பையில வச்சிருந்தேன். நீ வந்து ஆடினா, எழுபத்தொண்ணு யாரோடதுன்னு ஊருக்கே தெரிஞ்சுடும். நான் பழையபடி இருபத்தி மூணு ஆயிடுவேன். வயிறு எரிஞ்சுது ஐவி. வெள்ளிக்கிழமை அடுப்பு பத்தவைக்கும்போது விறகோட சேத்து வச்சுட்டேன். ஐவிக்கு ஆசை இல்லையாம்னு மிஸ் பெல்லமிகிட்ட சொன்னேன். அவங்க ரெண்டாம் தடவை கேக்கற ஆளு இல்ல."

மழை ஓட்டுக்குழாயில் சலசலத்துக்கொண்டிருந்தது. தெல்மா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதையாவது எடுத்து எறிவாள் என்று எதிர்பார்த்தாள். எறிந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

"அதுல என் பேரு எழுதியிருந்துச்சா?" என்று ஐவி கேட்டாள்.

"எழுதியிருந்துச்சு."

"முழுப் பேருமா?"

"ஐவி மே ஷார்மன். மிஸ் பெல்லமி கையெழுத்துல."

ஐவியின் முகம் மலர்ந்தது. நோயில் வற்றிப்போன அந்த முகத்தில், பதினேழு வயதில் கோழிக்கூண்டு முன்னால் நின்றவளைத் தெல்மா ஒரு கணம் பார்த்தாள்.

"அப்ப கூப்பிட்டிருக்காங்க" என்றாள் ஐவி.

தெல்மாவிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

அதற்குப் பிறகு ஐவி பத்தொன்பது நாள் உயிரோடு இருந்தாள். லின்னிடம் பேசினாள், நர்ஸிடம் பேசினாள், பால்காரனுக்கு ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். தெல்மா சூப்பு கொண்டுவந்தால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். அதே சூப்பை லின் ஊட்டினால் நாலு கரண்டி குடிப்பாள். தெல்மா அடுக்களையில் சூப்பு வைத்து, கிண்ணத்தை லின் கையில் கொடுத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று கரண்டியின் சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பாள்.

"என்ன பெரியம்மா இது, சின்னப் பிள்ளைங்க மாதிரி? என்னதான் சண்டை?" என்று லின் கேட்டாள்.

"பழைய சண்டைம்மா."

"சாகப்போற நேரத்துலயா?"

"நான்தான் இப்ப போய் ஆரம்பிச்சேன்" என்றாள் தெல்மா.

மே இரண்டாம் வாரம் தொப்பி வந்தது. மார்ஜரி வாசலிலேயே லின் கையில் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள். கரும்பச்சைத் துணி, முன்னால் கவுண்டியின் சின்னம், பக்கவாட்டில் மஞ்சள் நூலில் அறுபத்து நான்கு. ஐவி லின்னைத் தலைமுடியைச் சீவிவிடச் சொன்னாள். தொப்பியை வைத்துக்கொண்டாள். தலை சிறுத்துப்போயிருந்ததால் காதுவரை இறங்கியது. கைக்கண்ணாடி கேட்டாள். வெகுநேரம் பார்த்தாள். இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள், வலது பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

தெல்மாவால் அடுக்களையில் இருக்க முடியவில்லை. பூனை மாதிரி வந்து கட்டிலுக்குப் பின்னால், வாசற்படியில் நின்றாள். கண்ணாடிக்குள் தொப்பிக்குப் பின்னால் அவள் முகம் விழுந்தது. இரண்டு பேர் கண்ணும் அதற்குள் சந்தித்தன. எத்தனை நேரம் என்று தெல்மாவுக்குத் தெரியாது. பிறகு ஐவி கண்ணாடியைக் கவிழ்த்துப் போர்வைமேல் வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை, பத்து மணி வெயிலில், லின் முகம் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஐவி போய்விட்டாள். ஜன்னலுக்கு வெளியே சர்க்கரைக் கிழங்கு இரண்டிலை விட்டு வரிசை வரிசையாக நின்றது. இரண்டாம் முறை விதைத்த விதை.

ஜூன் கடைசி ஞாயிறு மைதானத்தில் விழா நடந்தது. உயிரோடு இருந்த எழுபது எண்பது ஆட்டக்காரிகள் வந்து வரிசையாகத் தொப்பி வாங்கிக்கொண்டார்களாம். தெல்மா போகவில்லை. புதன்கிழமை மார்ஜரி அவளுடைய தொப்பியைக் காகிதப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். முன்னறையில் கட்டில் இல்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுத்துப் போயிருந்தார்கள். கம்பளத்தில் நான்கு கால் பதிந்த குழி மட்டும் இருந்தது. கணப்புக்கு மேலே சட்டமும் இல்லை, அது தொங்கிய இடம் வெளுப்பாகத் தெரிந்தது.

"ஐவி பேரைப் படிச்சப்ப எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க. நீங்க கேட்டிருக்கணும்" என்றாள் மார்ஜரி.

"எந்தப் பேரைச் சொன்னாங்க?"

"ஐவி மே ஷார்மன்னு முழுசாத்தான்."

"நல்லது" என்றாள் தெல்மா. காகிதப் பையைத் திறக்காமலே அலமாரிமேல் வைத்தாள்.

டீ குடித்துவிட்டு மார்ஜரி பேரேட்டை மெல்ல எடுத்தாள். நாளைக்கு அச்சுக்குப் போகிறது என்றாள். எல்லாக் கட்டமும் நிரம்பியாயிற்று, ஒன்றைத் தவிர.

"அன்னைக்கு அவங்க சொல்லல. குடும்பச் சூழ்நிலைன்னு எழுதிடட்டுமா? பலபேருக்கு அப்படித்தான் எழுதியிருக்கேன். பொத்தாம்பொதுவா இருக்கும்."

தெல்மா பேனாவுக்குக் கை நீட்டினாள். மார்ஜரி கொடுத்தாள். தெல்மா மேஜை முன்னால் உட்கார்ந்து, மடங்காத காலை நீட்டி வைத்துக்கொண்டு, அறுபத்து நான்காம் எண்ணை விரலால் தொட்டுத் தொட்டுக் கடைசிக் கட்டம்வரை வந்தாள். அந்தக் கையில் இரண்டு நகம் இன்றைக்கும் கோணல்தான். மெதுவாக, அம்மாவைப் போல அழுத்தி எழுதினாள்:

'சீட்டு வந்தது. அக்கா கொடுக்கவில்லை.'

மார்ஜரி அதைப் படித்தாள். இரண்டு முறை படித்தாள். மை காயும்வரை காத்திருந்து, பேரேட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.